வேனின் கூரையில் போன பலகை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். எங்கள் தோட்டப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால்தான் எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலை வாசலில் நின்றால் ஏ4 வீதி தெரியும். கொழும்பில் தொடங்கி, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று நம்மைக் கடந்து, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, மட்டக்களப்பு வரை போகிற வீதி அது. மே மாதம் பிறந்துவிட்டால் இந்த வீதியில் ஒரு புதுக் காட்சி. வெள்ளைக்காரர்கள் ஏறிய வேன்கள் போகும். கூரையில் வெள்ளிநிற உறை போட்ட நீளமான சாமான் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள்.

தரம் 9 பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் அயன் பண்ணுகிற மேசை என்றான். இன்னொருவன் ஏணி என்றான். டவுனில் இருந்து வரும் எங்கள் பிள்ளை ஒருவன், "சந்தூக்கு மாதிரி இருக்கு சேர்" என்றதும் வகுப்பே சிரித்தது.

"அது அலைச்சறுக்குப் பலகை. அறுகம்பேயில் கடல் அலைமேல் ஏறி விளையாடுவார்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் பாடத்தைத் தொடங்கப் பார்த்தோம். அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்:

"சேர், அதோட அடி எப்படி இருக்கும்? தட்டையா, உருண்டையா?"

எங்களுக்குத் தெரியவில்லை. ஏன் கேட்கிறாய் என்றோம். அவனுடைய லயத்துக்குக் கீழே ஆறு. 2017 மே மாத வெள்ளத்தில் வாழைத்தண்டுத் தெப்பத்தில்தான் சாமான் ஏற்றினார்களாம். அவன் சொன்னது இதுதான்: "மூணு தண்டு போட்டா உருளும் சேர். அஞ்சு போட்டா உருளாது. ஆனா கம்பால தள்ள ஏலாது, தண்ணி முன்னுக்கு முட்டும். முன்பக்கத்த கீழால சீவி விட்டா போகும்."

கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அவன் எடுத்த புள்ளிகளைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அன்று அவன் சொன்ன நான்கு வசனத்தில் ஒரு நீண்ட வரலாறு இருந்தது என்பது, தேடி வாசித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் ஆற்றிலிருந்து தொடங்குவோம். இரத்தினபுரிக்கு ரயில் வந்தது 1912இல். அதற்கு முன்னர் இங்கிருந்து பாரச் சரக்குகள் களுகங்கை வழியே களுத்துறைக்குப் படகில் இறங்கின. சிங்களத்தில் பாருவ என்று சொல்வார்களே, அந்தத் தட்டையடிப் படகுகள். ஏன் தட்டை? ஆழம் குறைந்த ஆறு, இடையிடையே மணல்திட்டு. அடி கூராக இருந்தால் தரை தட்டிவிடும். தட்டையாக இருந்தால் அதே பாரத்தை அகலமாகப் பரப்பி, கொஞ்சத் தண்ணீரிலேயே மிதக்கும். வேகம் அதற்குத் தேவையில்லை. ஆக, ஒரு படகின் அடியைத் தீர்மானிப்பது அது போகிற தண்ணீரும் அது செய்கிற வேலையும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவோம்.

கடலில் நமக்குத் தெரிந்த பழைய மிதவை கட்டுமரம். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. பாரம் குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். உள்ளே வந்த தண்ணீர் துண்டுகளுக்கு இடையால் வழிந்து போய்விடும் என்பதால் அது நிரம்பி மூழ்காது. சோழமண்டலக் கரையில் உடையும் அலையைக் கடந்து போகவும் அதே அலையில் ஏறிக் கரைக்குத் திரும்பவும் மீனவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று உலகம் முழுக்க இரட்டைப் படகைக் குறிக்கும் 'கெற்றமரன்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பொருள் மாறிவிட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

முன்பக்கம் மேல்நோக்கி வளைய வேண்டும் என்று சொன்னோமே, எங்கள் பிள்ளை "கீழால சீவி விட்டா போகும்" என்றதும் அதுதான்.

அலையில் நின்றுகொண்டு சறுக்கும் பலகையை ஒரு பெரிய கலையாக வளர்த்தவர்கள் பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவு மக்கள். 1779இல் கப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி அங்குள்ளவர்கள் பலகையோடு அலையில் விளையாடுவதை வியந்து எழுதினார். அவர்களிடம் முக்கியமாக இரண்டு வகைப் பலகைகள் இருந்தன. அலாயா என்பது மெல்லியது, பெரும்பாலும் கோவா என்ற மரத்தில் செய்தது. எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஓலோ என்பது மிக நீளமானது, தடித்தது, விலிவிலி என்ற பாரம் குறைந்த மரத்தில் செய்தது. அது தலைவர்களுக்கு உரியது.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விலிவிலி என்பது நம் வேலியில் நிற்கும் முள்முருக்கின் இனம். தேயிலை மலையில் நிழலுக்கு வைத்த டடாப் மரமும் அதே இனம்தான். நம் தோட்டத்தில் மாதாமாதம் கவ்வாத்துக் கத்தியில் விழுகிற கிளையின் தூரத்து உறவுக்காரனில் ஹவாய்த் தலைவர்கள் அலை ஏறினார்கள்!

அந்தப் பலகைகளின் அடி மெதுவாக உருண்டு வளைந்திருக்கும், அல்லது தட்டையாக இருக்கும். அடியில் துடுப்பு எதுவும் கிடையாது. திரும்புவது கடினம். காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். பிற்காலத்தில் வெளியார் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்கள் பெருந்தொகையாக இறந்தார்கள். விளையாட்டும் கிட்டத்தட்ட மறைந்தது.

அதை மீண்டும் உலகத்துக்குக் காட்டியவர் டியூக் கஹானமோக்கு. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர். 1914 டிசம்பரில் சிட்னிக்குப் போனபோது அங்கேயே கிடைத்த பைன் மரப் பலகையில் தன் கையால் ஒன்றைச் செதுக்கி, பிரெஷ்வோட்டர் கடற்கரையில் ஏறிக் காட்டினார். அந்தப் பலகை இன்னும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் அவர் பயன்படுத்திய ஒரு பெரிய பலகை 16 அடி நீளம், 114 இறாத்தல். அதாவது 52 கிலோ. நம் கடையில் ஒரு மூட்டை சீமெந்து 50 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பாரம்தான் அடுத்த ஐம்பது வருட வரலாற்றை நடத்தியது.

1926இல் டொம் பிளேக் என்ற அமெரிக்கர் அந்தப் பழைய ஓலோவைப் போல ஒன்று செய்ய முயன்று, பாரத்தைக் குறைக்க மரம் முழுக்கத் துளை போட்டு, மேலே மெல்லிய பலகையால் மூடினார். பிறகு உள்ளே எலும்புக்கூடு போலச் சட்டம் வைத்து வெளியே பலகை அடித்து, நடுவில் வெறும் காற்றாக விட்டார். 1935இல் ஒரு பழைய விசைப்படகின் அடியில் இருந்த உலோகத் துடுப்பைக் கழற்றித் தன் பலகையின் பின்பக்கம் பூட்டினார். அதுவரை பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இருக்கும். துடுப்பு வந்ததும் பிடி கிடைத்தது. மீனின் செட்டை செய்கிற வேலைதான்.

1937இல் ஹொனலூலுவில் சில இளைஞர்கள் வேறு வழி கண்டார்கள். செங்குத்தான அலையில் அவர்களுடைய தட்டையான, பின்பக்கம் அகன்ற பலகை நிற்காமல் வழுக்கியது. ஆத்திரத்தில் ஒரு கோடரியை எடுத்துப் பின்பக்கத்தை ஒடுக்கி, அடியை 'வி' வடிவில் செதுக்கினார்கள். அன்றே மறுபடி கடலுக்குப் போனார்கள். பலகை அலையைப் பிடித்து நின்றது. எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைக் காலால் உணர்ந்தவர்கள் அவர்கள்.

இனி, அடி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். தட்டையான கல்லை ஆற்றில் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும். உருண்டைக் கல் 'டுபுக்' என்று உள்ளே போய்விடும். தட்டைக் கல் வேகமாகப் போகும்போது கீழே இருக்கும் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. வேகம் குறைந்ததும் அதுவும் தாழும். படகுக்கும் இதே இரண்டு நிலை உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. வேகம் கூடும்போது தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்குகிறது. பாருவ முதல் வகை. அலைச்சறுக்குப் பலகை இரண்டாவது வகை.

இதைக் கணக்காக யோசித்தவர் கலிபோர்னியாவின் பொப் சிமன்ஸ். விபத்தில் ஒரு முழங்கை பாதிக்கப்பட்டவர். 1946இல் லின்ட்சே லோர்ட் என்ற படகு வடிவமைப்பாளர் வேகப் படகுகளின் அடியைப் பற்றி எழுதிய நூலைப் படித்து, எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு என்று பலகைக்குப் பொருத்திப் பார்த்தார். அதே காலத்தில் உலகப் போரால் வளர்ந்த இரண்டு பொருட்கள் கைக்கு வந்தன. ஒன்று பைபர்கிளாஸ் துணி, மற்றது ரெசின். பல்சா மரம் மிகவும் பாரம் குறைந்தது, தென் அமெரிக்காவின் எக்குவடோரிலிருந்து வருவது. ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும். அதற்குப் பைபர்கிளாஸ் சட்டை போட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. 1954இல் சிமன்ஸ் கடலிலேயே இறந்தார்.

1950களின் பிற்பகுதியில் மரமே வெளியேறியது. ஹோபி ஆல்டர், கோர்டன் கிளார்க் போன்றவர்கள் பொலியுரித்தேன் நுரையை அச்சில் ஊற்றிப் பலகை செய்தார்கள். இதனால் நடந்த பெரிய மாற்றம் பாரம் குறைந்தது மட்டுமல்ல. மரத்தில் அடியைச் செதுக்க நாட்கணக்கில் உழைக்க வேண்டும், பிழைத்தால் மரம் வீண். நுரையை ஒரு மணித்தியாலத்தில் தேய்த்துவிடலாம். பிழைத்தால் இன்னொன்று. பிழைவிட வசதி கிடைத்ததும் புதுப்புது அடிகள் பிறந்தன.

1967இல் அவுஸ்திரேலியாவின் பொப் மெக்டாவிஷ் பின்பக்கத்தில் ஆழமான 'வி' வைத்துக் குட்டையான பலகை செய்தார். 'வி' அடி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இலகுவாகச் சாயும், ஆகவே சட்டென்று திரும்பும். 1981இல் அதே நாட்டின் சைமன் அண்டர்சன் ஒன்றுக்குப் பதில் மூன்று துடுப்பு வைத்துப் பெரிய போட்டிகளை வென்றார். இன்று பெரும்பாலான பலகைகளில் அந்த ஏற்பாடுதான். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1990களில் அடியில் மெல்லிய குழிவு வைப்பது பரவியது. குழிவு தண்ணீரை ஒதுங்கவிடாமல் பின்பக்கமாகச் செலுத்துகிறது. அதனால் பலகை எழும்புகிறது, வேகம் கூடுகிறது. முன் வளைவு வேறு விடயம். வளைவு குறைந்தால் செங்குத்து அலையில் மூக்குக் குத்தும். கூடினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகும். எதையும் இலவசமாகப் பெற முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்து உறவுகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1970களின் தொடக்கம் வரை பலகையிலிருந்து விழுந்தால் கரைவரை நீந்திப் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். அப்போது பலகையையும் ஆளையும் இணைக்க, ஆஸ்பத்திரியில் பாவிக்கும் இறப்பர் குழாயைக் கட்டினார்கள். இறப்பர் அதிகம் இழுபடும் அல்லவா? இழுபட்டுத் திரும்பி வந்த பலகை அடித்து ஜெக் ஓநீல் என்ற பிரபல வியாபாரி ஒரு கண்ணை இழந்தார். அதன் பிறகு குறைவாக இழுபடும் செயற்கைப் பொருளுக்கு மாறினார்கள். எந்தப் பொருள் எவ்வளவு இழுபடும் என்பது பால் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, நேரத்துக்குப் பாடசாலை விட்ட பிறகு, பீலிக்குப் பக்கத்துத் தொட்டியில் நாங்களும் பிள்ளைகளும் செய்து பார்த்தோம். டீவி பெட்டிக்குள் வரும் ரெஜிபோமில் ஒரே அளவாக நான்கு துண்டு வெட்டினோம். ஒன்று தட்டை. ஒன்று தட்டையோடு முன் வளைவு. ஒன்று உருண்டை அடி. ஒன்று 'வி'. சாண்ட்பேப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை ஒட்டி, நூல் கட்டி இழுத்தோம். வெறும் தட்டை மூக்குக் குத்தித் தண்ணீருக்குள் போனது. முன் வளைவு வைத்தது மேலே ஏறி வழுக்கியது. உருண்டை அடி நேராகப் போனது, ஆனால் மேலே எழும்பவேயில்லை. 'வி' இரண்டு பக்கமும் ஆடியது. குழிவு வைத்த துண்டு ஒன்றையும் முயன்றோம். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. குழிவுக்கு வேகம் வேண்டும், எங்கள் நூலில் அந்த வேகம் இல்லை. அதையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

ரெஜிபோமும் விளையாட்டுச் சாமான் இல்லை. அதன் உண்மையான பெயர் விரிவாக்கிய பொலிஸ்டைரீன். இன்றைய பாரம் குறைந்த பலகைகளில் பலவற்றின் உள்ளே அதுதான். ஆனால் சாதாரண பொலியெஸ்டர் ரெசினைப் பூசினால் அது கரைந்துவிடும். அதனால் எபொக்சி என்ற வேறு ரெசினைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பொருளை மாற்றினால் அதனோடு சேரும் பொருளையும் மாற்ற வேண்டும்.

இந்த வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. 2005 டிசம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் பெரும்பாலான பலகைகளுக்கு நுரை கொடுத்த கிளார்க்கின் தொழிற்சாலை திடீரென மூடப்பட்டது. நுரை செய்யப் பயன்பட்ட நச்சு இரசாயனம், கட்டுப்பாட்டுச் சட்டங்கள், தொழிலாளர் பாதிப்புத் தொடர்பான வழக்குகள் என்று காரணங்களை உரிமையாளரே கடிதத்தில் எழுதினார். அலைமேல் போகிறவரைத்தான் படம் எடுக்கிறார்கள். பலகை செய்கிறவரின் நுரையீரலை யாரும் படம் எடுப்பதில்லை. பாலை உறைய வைக்கிற அசிட் மணத்தில் வேலை செய்தவர்கள் உள்ள ஊர் நம்முடையது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்த மூடலுக்குப் பிறகு வேறு பொருட்களை நோக்கியும் தேடல் கூடியது. மரமும் சிலரிடம் திரும்பி வந்திருக்கிறது. பழைய அலாயாவை மீண்டும் செய்கிறார்கள். ஹவாயில் அல்பீசியா மரத்தில் படகும் பலகையும் செதுக்குகிறார்கள். ஆமாம், நம் தேயிலை மலைகளில் உயர்ந்து நிற்கும், விறகுக்கும் பெட்டிக்கும் வெட்டுகிற அதே அல்பீசியா. தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரத்துக்கும் அந்த மரம் பயன்பட்டிருக்கிறது.

இவ்வளவும் ஏன் எழுதினோம் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை இப்போது எங்கள் வகுப்பில் இல்லை. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும், பெற்றோரைக் குறை சொல்லவில்லை. எங்களைத்தான் கேட்டுக்கொள்கிறோம். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தான். அவனுக்கு எந்தத் தண்டு உருளும், எந்தப் பக்கத்தைச் சீவ வேண்டும் என்று தெரியும் என்பது, ஒரு வேன் அந்தப் பக்கமாகப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோடரியோடு பலகையை வெட்டிய ஹொனலூலு இளைஞர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இவனுடைய அறிவுக்கு எங்களிடம் ஒரு புள்ளிகூட இல்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விடயம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது. பரீட்சைக்கு எழுதினோம், மறந்துவிட்டோம். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும் அல்லவா?

ஆகவே சில வேண்டுகோள்கள்.

பெற்றோரே, வெள்ளக் காலத்தில் பிள்ளைகளைத் தெப்பத்தில் ஏற விடாதீர்கள். 2003 மேயிலும் 2017 மேயிலும் நாம் இழந்தது போதும். தட்டை அடி தேங்கிய தண்ணீரில் நிற்கும். ஓடுகிற தண்ணீர் ஒரு பக்கமாக ஏறினால் அதே தட்டை அடி கவிழ்த்துவிடும். தெப்பத்தைப் பற்றிய அறிவு வேறு, ஆற்றில் துணிவது வேறு.

பெரியவர்களே, களுகங்கையிலும் களனி கங்கையிலும் பாருவ ஓடியதைப் பற்றி உங்கள் வாப்பா, அப்பா, தாத்தா சொன்னது ஏதாவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள், அல்லது பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தச்சு வேலை தெரிந்த உறவுகள், நம் பக்கத்து மரங்களில் எது மிதக்கும், எது தண்ணீர் குடிக்கும், எது வெடிக்கும் என்று எழுதுங்கள். தோட்டத்தில் நீங்கள் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த தவணைக் கண்காட்சியில் ஒரு மேசை வைக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

கொழும்பில் அந்தக் கடைப் பக்கம் போகிற நம் ஊர்த் தம்பிமார் யாராவது இதை வாசித்தால், அவனிடம் சொல்லுங்கள்: அதன் அடி தட்டையும் இல்லை, உருண்டையும் இல்லை. முன்பக்கம் அவன் சொன்ன மாதிரியே கீழால் சீவியிருக்கிறது. லீவில் வரும்போது பாடசாலைக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல எங்களுக்கு ஆள் வேண்டும்.